லீட்டருக்கு இருபத்திரெண்டு

மாப்ள,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முதல் நாளே சொன்னேன். கார் நம் தோட்டத்து லயத்துக்கு வந்து, கோயிலடியில் பூஜை போட்டு, பானட்டில் பூசிய சந்தனம் காய்வதற்கு முன்னாலேயே, அந்தப் பானட் மேல் கையை வைத்துச் சொன்னேன். "வண்டி ஓடும் மாப்ள, ஆனா உனக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்று. நான் சொல்லி நடக்காமல் போனது எது? மேல் மலையில் மண் சரியும் என்றேன், சரிந்தது. பெட்ரோலுக்கு மனுசன் வரிசையில் படுத்துக் கிடப்பான் என்றேன், கிடந்தான். பழைய துரை உரம் போடுவதற்கு முன்னால் ஆள் அனுப்பி, மழை எப்போது வரும் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் உத்தரவு போடுவார். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இன்று காலையில் உன் கட்டை என் கைக்கு வந்தது. விறகுக்கு நடுவே கிடந்தது. ரப்பர் மரத்தில் ஆப்பு மாதிரி நீயே செதுக்கி, லயத்து ஏற்றத்தில் காரை நிறுத்தும் போதெல்லாம் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பாயே, அந்தக் கட்டை. தங்கச்சி வீட்டை ஒதுங்க வைத்து, பழைய பலகை, கம்பு எல்லாவற்றையும் எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். "அடுப்புக்கு ஆகும் அண்ணி" என்று என் பெண்சாதியிடம் சொன்னாளாம். நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ போன நாளில் இருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, உனக்குத் தெரிந்திருக்கும்.

என் பெண்சாதி அந்தக் கட்டையை அடுப்பில் வைக்கப் போனாள். நான் பாய்ந்து பிடுங்கினேன். மூக்கில் வைத்துப் பார்த்தேன். பெட்ரோலும் கிரீஸும், சூடேறிப் போன பிரேக்கின் அந்தக் கருகல் வாடையும் மரத்துக்குள்ளே இறங்கி அப்படியே இருக்கிறது.

"கட்டைய எதுக்குங்க மோந்து பாக்குறீங்க? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்றாள்.

"ஒனக்கு என்ன தெரியும், போ" என்று சொல்லிவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் நான் எழுதிய கட்டுரையை வாத்தியார் பத்தாம் வகுப்புக்குக் கொண்டு போய் வாசித்துக் காட்டியது இந்தத் தோட்டத்துக்கே தெரியும். கணக்கிலும் அப்படித்தான். அதனால்தான் சொல்கிறேன், உன் கணக்கு எங்கே தவறியது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

நீ என் தங்கச்சி புருசன் ஆவதற்கு முன்னாலேயே எனக்குச் சொந்தம் மாதிரிதான். ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தோம். நடுவில் ஒரு சுவர். உன் வீட்டு இருமல் எங்கள் வீட்டில் கேட்கும். உன் அம்மாவுக்கு வயிற்றுவலி வந்த நாளும் அப்படித்தான் கேட்டது. பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று. நடுவில் யாருக்கு என்ன வந்தாலும் தேயிலைக் கொழுந்து லொறிதான். உன் அம்மாவைக் கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் படுக்க வைத்துத்தான் கொண்டு போனோம். போகும்போது படுத்தபடி போனாள், வரும்போதும் படுத்தபடிதான் வந்தாள். அன்றைக்கு நீ ஒரு வார்த்தை சொன்னாய். "நம்ம ஆளுங்க இனி லொறியில படுத்துப் போகக் கூடாது மச்சான்." அவ்வளவுதான். அழக்கூட இல்லை.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நீ எஸ்டேட் வேலையை விட்டாய். கையில் வந்த ஈ.பி.எஃப். காசோடு தங்கச்சியின் வளையலையும் போட்டுக் கார் வாங்கப் போனோம். வண்டி பார்க்கத் தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தன்தானே, என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். கஹவத்தையில், ரப்பர் பால் வாடை அடிக்கிற ஒரு வளவுக்குள், அந்தச் சின்ன வெள்ளைக் கார் நின்றது. எண்ணூறு சிசி. முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் தோள் முட்டும். நான் என்ஜினைக் காதால் கேட்டே அதன் வயசைச் சொன்னேன். புரோக்கர் அசந்து போய்விட்டான்.

அந்தப் புரோக்கர்! அவன் முகம் எனக்கு இன்றைக்கும் மறக்காது. சிவப்புச் சட்டை, மேல் வரிசையில் ஒரு தங்கப் பல், வெற்றிலைச் சாறு கடைவாயில். கார் கூரையில் தட்டித் தட்டிச் சொன்னான்: "லீட்டருக்கு இருபத்திரெண்டு அண்ணே! ஒரு சொட்டு கொறஞ்சா வண்டிய இங்கயே கொண்டாந்து விட்டுட்டு என் மூஞ்சில காறித் துப்புங்க!" இருபத்திரெண்டு. அந்த நம்பரை அவன்தான் நம் தலையில் கட்டினான். அவன் நாக்கு அழுகிப் போகட்டும். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நீ பக்கத்தில் இருந்தால் தரையைப் பார்த்துக்கொள்வாய். ஏமாந்து போனதை நினைத்து வெட்கப்படுகிறாய் என்று நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

கார் வந்த அன்றைக்கு மலையில் பாதிப் பேர் வேலைக்குப் போகவில்லை. மாரியம்மன் கோயிலடியில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தோம். உடைத்த தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது, உடைத்தது நான். தோட்டத்துத் தலைவர் மாலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நல்லதுப்பா. வண்டி வந்துருச்சு. ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கு ரேட்டு ஒண்ணு பேசிக்கிருவோம். அம்மன் முன்னாடி பேசுனா பெறகு யாரும் மாத்த மாட்டாங்க. லீட்டருக்கு எத்தன ஓடும்?"

நீ வாயைத் திறந்தாய். நீ மெல்லப் பேசுகிறவன், மாப்ள, அதுதான் உன்னிடம் இருந்த ஒரே குறை. அதற்குள் இருபத்திரெண்டு என்ற நம்பர் அங்கே விழுந்துவிட்டது. புரோக்கர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு "ஓ!" எழும்பியது. நம் லயத்தில் இருந்து இப்படி ஒரு வண்டியா என்று எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

உடனே ஃபோனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள் நம் பையன்கள். பலாங்கொடைக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர். போக வர முப்பத்தாறு. இருபத்திரெண்டால் பிரித்தால் இரண்டு லீட்டர்கூட வரவில்லை.

"சரி, ரெண்டு லீட்டர் காசு பெட்ரோலுக்கு. ஒரு லீட்டர் காசு அவன் கைக்கு. மூணு லீட்டர் காசு. பெட்ரோல் வெல ஏறுனா ஏறட்டும், எறங்குனா எறங்கட்டும், லயத்து ரேட்டு எப்பவும் மூணு லீட்டர். சரிதானே?" என்றார் தலைவர்.

"சரிங்க தலைவரே" என்று நீயும் சொன்னாய். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து நீ என்னைக் கூப்பிட்டுக்கொண்டு பெட்ரோல் ஷெட்டுக்குப் போனாய். டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பச் சொல்லி, மீட்டரைப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்தாய். "இப்ப ஓடுவோம் மச்சான். அடுத்த தடவ இதே பம்புல, இதே எடத்துல நிப்பாட்டி, மறுபடியும் கழுத்து வரைக்கும் அடிப்போம். எத்தன லீட்டர் புடிக்குதோ அதுதான் இது குடிச்சது. ஓடுன தூரத்த அதால பிரிச்சா உண்மை தெரிஞ்சிரும்." இதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்டுக்கொண்டேன். அடுத்த தடவை போனபோது மீட்டரில் முந்நூற்றெட்டுக் கிலோமீட்டர். டேங்க் இருபத்தெட்டு லீட்டர் பிடித்தது. நீ உள்ளங்கையில் பேனாவால் பிரித்துப் பார்த்துவிட்டு, கையை எனக்கு நேரே நீட்டினாய்.

"பதினொண்ணு மச்சான்."

"பிரிச்சது பெசகு" என்றேன்.

"நீங்க பிரிங்க."

நான் பிரித்தேன். பதினொன்றுதான். அப்போதும் நான் விடவில்லை. ஷெட் தரை ஒரு பக்கம் சரிவு, வண்டி சாய்ந்து நின்றதால் டேங்க் கூடுதலாகக் குடித்திருக்கும் என்றேன். அதில் உண்மை இருக்கிறது, எந்தக் கராஜ் பாஸிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார். நீ சிரித்தாய்; அடுத்த டேங்க் ஓடி முடிந்ததும் வண்டியைத் திருப்பி நிறுத்தி, இன்னொரு தடவை அளந்து காட்டினாய். மறுபடியும் பதினொன்று. தேயிலை ஃபேக்டரி வளைவுக்கு மேல் முதல் கியரைத் தவிர வேறு கியர் விழாது. உள்ளே ஐந்து பேர், டிக்கியில் கோதுமை மா மூட்டை, அதற்கு மேல் யாராவது ஒருத்தருடைய கேஸ் சிலிண்டர். எண்ணூறு சிசி என்ன செய்யும்?

ஆனால் நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை. ஒரு நாள் லயத்தில் இருந்து பலாங்கொடை டவுன் வரைக்கும் நியூட்ரலில் விடச் சொன்னேன். என்ஜினையும் நிறுத்திவிட்டு இறங்கினோம். காற்றுச் சத்தம் மட்டும்தான். தேயிலை மலை இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போனது. டவுன் எல்லைக்கு வந்ததும் நான் கத்தினேன்: "பாத்தியா! சொட்டுக்கூட குடிக்கல! இருபத்திரெண்டு என்ன, நாப்பதும் வரும்!"

நீ திரும்பிப் பார்த்துக் கேட்டாய்: "எறங்கும்போது மிஞ்சுறத வச்சு ஏற முடியுமா மச்சான்?"

நான் உடனே டவுனில் எந்தக் கடையில் டீ நல்லது என்று பேச ஆரம்பித்தேன். அதுவும் எனக்கு நன்றாகத் தெரிந்த விசயம்தான்.

கணக்கு அப்போதே தெளிவாகிவிட்டது. ஒரு ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கு மூன்றே கால் லீட்டர் குடிக்கிற வண்டிக்கு மூன்று லீட்டர் காசு. காலை ஊன்றி ஏறுகிற பாதையில் டயர் தேய்கிறது, கிளட்ச் கருகுகிறது, பிரேக் பேட் கரைகிறது, ஒயில் மாற்ற வேண்டும், வருசா வருசம் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். அதற்கெல்லாம் அம்மன் முன்னால் யாரும் கணக்குப் போடவில்லை. நீ வாயைக் கட்டிக்கொண்டு, கல்யாணம், காதுகுத்து என்று வெளி வாடகை ஹயரில் கிடைத்ததை எல்லாம் ஆஸ்பத்திரி ஓட்டத்தில் கொட்டினாய்.

நம் ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ இருந்திருந்தால் "விடுங்க மச்சான்" என்பாய். விட மாட்டேன். கடைசி லயத்து பாக்கியம் அக்கா மகளைப் பிரசவத்துக்குக் கொண்டு போய், மூன்று மணி நேரம் காத்திருந்து, இரண்டு நாள் கழித்துப் பிள்ளையோடு கூட்டிக்கொண்டும் வந்தாய். "அக்கா, ஒரு லீட்டர் காசு சேத்துக் குடுங்க, டயர் ஒண்ணு போடணும்" என்று கேட்டாய். அவள் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே என்ன சொன்னாள்?

"லீட்டருக்கு இருபத்திரெண்டு ஓடுற வண்டிக்கு இவ்வளவு கேக்குறியே தம்பி, மனசாட்சி இருக்கா? ஒன் மச்சான் கோயில்ல வச்சு சொன்னது எங்க காதுல இன்னும் இருக்கு!"

பக்கத்தில் நின்ற பையன் ஃபோனைத் தட்டிவிட்டு, "மாமா, மூணு லீட்டர்லயே ஒங்களுக்கு ஒண்ணேகால் லீட்டருக்கு மேல லாபம்" என்றான். கணக்குப் படித்த பையன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது "சாமி மாதிரி வந்த தம்பி" என்பார்கள். இறங்கியதும் அதே வாயால் இருபத்திரெண்டு என்பார்கள். தலைவர் ஒரு படி மேல். "கணக்கு கணக்குதாம்பா. நீ கூட கேட்டா நாளைக்கு எல்லாரும் கூட கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, தன் மச்சினி வீட்டுக்குப் போக உன் காரில்தான் ஏறினார். அதற்கும் மூன்று லீட்டர்தான்.

பெட்ரோல் வரிசைக் காலம் வந்தது. ஷெட்டில் இரண்டு நாள் நின்று, கிடைத்த அளவு பெட்ரோலைப் பொன் மாதிரி கொண்டு வருவாய். வெளி ஹயர் எல்லாம் நின்று போனது. ஆஸ்பத்திரி ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. அந்த நாளில்தான், ஆற்றோரத்தில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது, நீ என்னிடம் கேட்டாய். நான் பாறை மேல் உட்கார்ந்து, வண்டி கழுவுவது எப்படி என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், ஒரே ஒரு ஒதவி."

"சொல்லு மாப்ள. ஒனக்கு இல்லாததா?"

"தலைவர்கிட்ட நீங்களே போயி, அந்த நம்பரு தப்பு, பதினொண்ணுதான் ஓடுதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா காசுக்காகச் சொல்றான்னு நெனப்பாங்க. அதோட, நீங்க கோயில்ல சொன்னத நானே இல்லன்னு சொன்னா ஒங்களுக்கு மரியாத இல்ல. நீங்க சொன்னா கேப்பாங்க. அஞ்சு லீட்டர் காசு கெடச்சா வண்டி நிக்கும். இல்லன்னா வித்துருவேன்."

நான் என்ன சொன்னேன்? "மாப்ள, புரோக்கர் சொன்ன நம்பர நான் எப்படி மாத்திச் சொல்றது? அவன்தான் வந்து மாத்தணும்" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். கையில் ஈரத் துணி. அப்புறம் குனிந்து சக்கரத்துக்கு இந்தக் கட்டையை எடுத்து வைத்தாய். வண்டி நகரக்கூட இல்லை, தரை சமம்தான். எதற்கு வைத்தாய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்றைக்குப் பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி வாசலில் நின்றாள். நீ அவளிடம் சொல்லியிருக்க மாட்டாய், அவளாகவே உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்திருப்பாள். "அண்ணா, ஒங்க வாய்க்குத்தான் நாங்க பெட்ரோல் ஊத்திக்கிட்டு இருக்கோம்" என்றாள். ஒரே வரி. அண்ணனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா அது? நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் உங்கள் வீட்டில் டீ குடிக்கவில்லை.

பிறகு நீ என் யோசனையைக் கேட்க ஆரம்பித்தாய். வேறு வழி இல்லாமல் கேட்டாய் என்று இப்போது தெரிகிறது. ஒவ்வொரு இறக்கத்திலும் நியூட்ரல், என்ஜின் ஓஃப். கால் லீட்டரையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று. ஆனால் என்ஜின் நின்றால் பிரேக்கும் பாதி செத்துவிடும், கியரின் பிடியும் இல்லை, முழுப் பாரமும் அந்தச் சின்னப் பிரேக் மேல்தான். மழைத் தூறலில் ஒரு கிழவரையும் அவர் பெண்சாதியையும் ஏற்றிக்கொண்டு இறங்கிய நாளில், ஃபேக்டரி வளைவில் பெடல் தரை வரைக்கும் இறங்கியது. நீ மலைப் பக்கமாக ஒடித்துத் தேயிலைச் செடிக்குள் விட்டாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் ஓடி வந்து பார்த்தபோது சக்கரத்தில் இருந்து புகை வந்துகொண்டிருந்தது. நீ இந்தக் கட்டையைச் சக்கரத்துக்கு வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாய்.

"போதும் மச்சான். இனி ஆளக் கொன்னுதான் மிச்சம் புடிக்கணும்" என்றாய்.

அடுத்த வாரம் வரக்காப்பொலையில் இருந்து ஒருத்தன் வந்து காரைக் கொண்டு போனான். அவனும் கேட்டான், லீட்டருக்கு எத்தனை ஓடும் என்று. நீ "மலையில பதினொண்ணு. கீழ எத்தனன்னு எனக்குத் தெரியாது" என்றாய். விலையில் குறைத்துவிட்டான். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தேன். வியாபாரம் தெரியாத மனுசன் என்று திட்டினேன்கூட.

அந்த ஊரிலேயே ஒரு முஸ்லிம் நானா கடையில் நீ அரிசி லொறி ஓட்டப் போனாய். நல்ல முதலாளி, குறை சொல்ல முடியாது. ஆனாலும் மாதம் ஒரு தடவைதான் வீடு. மற்ற நாளெல்லாம் ஸ்டோரில் மூட்டைக்கு நடுவே படுக்கை. சொந்த வண்டி ஓட்டிய கை அது. ஒரு வருசத்தில் பத்து வயசு ஏறினாய். வரும்போதெல்லாம் இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தாய். மூட்டை தூக்கிய வலி என்றாய். வாய்வுதான், இஞ்சி தட்டிக் குடி என்று நான் மருந்து சொன்னேன். பாதி டாக்டர் என்றுதான் என்னை இங்கே சொல்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. பஸ் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி கத்தினாள். நீ வாசல் படியில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாய். லயத்தில் ஒரு வண்டி இல்லை. ஞாயிறு, கொழுந்து லொறியும் இல்லை. டவுனில் இருந்து த்ரீவீலர் ஏறி வரும் வரைக்கும் உன்னைச் சுற்றி நின்றார்கள், நம் ஆட்கள். பாக்கியம் அக்கா விசிறினாள். தலைவர் ஃபோனில் கத்தினார். "இப்ப மட்டும் அந்தக் காரு இருந்திருந்தா..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். தங்கச்சி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அப்படியே நின்றது.

த்ரீவீலரில் நடுவில் நீ, ஒரு பக்கம் அவள், மறு பக்கம் நான். ஓட்டியது ஒரு சிங்களப் பையன். லயத்து ஏற்றத்தில் ஏறி வந்த சூட்டில் அவன் வண்டி இன்னும் முனகிக்கொண்டிருந்தது. டவுன் பாதையில் நடுவே வருகிற அந்தச் சின்ன ஏற்றத்தில் நீ கண்ணைத் திறந்தாய். மெல்ல முன்னுக்குச் சாய்ந்து அவனிடம் கேட்டாய்:

"லீட்டர் எக்ககட்ட கீயக் துவனவாத மல்லி?"

ஒரு லீட்டருக்கு எத்தனை ஓடுகிறது தம்பி என்று! நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது? அந்தப் பையன் கண்ணாடியில் உன்னைப் பார்த்துவிட்டு, அழுகை மாதிரி ஒரு குரலில், "கந்த நகித்தி கணன் ஹதன்ன எப்பா ஐயே" என்றான். மலை ஏறும்போது கணக்குப் பார்க்காதீங்க அண்ணே என்று. நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாய். ஏதோ சொல்லப் போகிறாய் என்று காதைக் கொடுத்தேன். சொல்லவில்லை. பெட்ரோல் ஷெட் தெரிகிற வளைவில் உன் தலை என் தோளில் விழுந்தது. பாரமாக விழுந்தது. உட்கார்ந்தபடிதான் போனாய் மாப்ள. லொறியில் படுத்துப் போகவில்லை. அதையாவது நீ நினைத்தபடி செய்துவிட்டாய்.

நேற்று நம் லயத்தில் புதுசாக ஒரு கார் வந்தது. நடு லயத்துப் பையன் ஒருத்தன் வாங்கியிருக்கிறான். அதே கோயிலடி, அதே எலுமிச்சம்பழம். தேங்காய் உடைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள், வேறு யார் இருக்கிறார்கள்? தலைவர் மாலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேரே என்னிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. வண்டி விசயம் தெரிஞ்ச ஆளு. இது எத்தன ஓடும்?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தப் பையனும் பார்த்தான். உன் தங்கமான பெண்சாதி கூட்டத்துக்குப் பின்னால் தண்ணிக் குடத்தோடு நின்று பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். "இவருக்குத் தெரியாதாம்! இவரு மாப்ள காரு இருபத்திரெண்டு ஓடுச்சே, அதுக்குக் கொறையாம ஓடுமா தம்பி?" என்று பாக்கியம் அக்காதான் எடுத்துக் கொடுத்தாள். ஃபோன்கள் வெளியே வந்தன. உன் கார் போயிற்று, நீ போனாய், அந்த நம்பர் மட்டும் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. அது தப்பு நம்பர் என்று அங்கே நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தங்கச்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். இன்று காலையில் உன் கட்டையை எங்கள் விறகோடு போட்டது அதற்குப் பிறகுதான்.

கட்டையை எரிக்க விட மாட்டேன். என் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இரண்டு காயம் இருக்கிறது அதில், டயர் ஏறி நசுங்கின இடம், கட்டை விரல் சரியாகப் பதிகிறது. நேற்றில் இருந்து அந்தப் பையனின் கார் எங்கள் வாசலைத் தாண்டி ஏறும்போதெல்லாம், முதல் கியரில் அது இழுக்கிற சத்தத்தைக் கேட்டு நானே மனசுக்குள் பிரித்துப் பார்க்கிறேன். பன்னிரண்டு வரும். கூடிப் போனால் பதின்மூன்று. வெளியே சொல்லவில்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். ஊருக்குச் சொன்ன மாதிரி உனக்கும் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன், நீ பக்கத்தில் இருந்தவன் என்பதையே மறந்து. கஹவத்தையில் அந்தப் புரோக்கர் எந்த நம்பரும் சொல்லவில்லை. "பழைய வண்டிங்க, மலையில எப்படி ஓடும்னு எனக்குத் தெரியாது, ஓட்டிப் பாத்துத்தான் தெரியும்" என்றான் பாவம். அவனுக்குத் தங்கப் பல்லும் கிடையாது. சந்தனம் காயாத பானட் மேல் கையை வைத்து நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், மாப்ள. இருபத்திரெண்டு.